ஆடாத லோடு

கொல்லைப்புறத்து ஷெட்டுக்குப் பூட்டுப் போட்ட அன்று சாயங்காலமே கெட்டிக்குத் தெரிந்துவிட்டது, ஆக்ஸிஜன் சிலிண்டரும் உள்ளே போய்விட்டதென்று. உள்ளே என்றால் கதவோரத்தில் இல்லை. கடைசியில், எதிர்ச்சுவரோடு ஒட்டிய மூலையில். அதற்கு முன்னால் ஓர் அறைச் சாமான் முழுவதும் இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்து நின்றது.

குழாயடியில் முழங்கால் வரை அழுக்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. அவன் குனிந்தபடியே நின்றான்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவன் லோடுமேன். அவன் ஏற்றிய லாரி எந்த மேடு பள்ளத்தில் குதித்துப் போனாலும் உள்ளே ஒரு டம்ளர் கூட இன்னொன்றோடு உரசாது. அதனால் கூட வேலை செய்கிறவர்கள் கெட்டி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயராகி, கடைசியில் மாமனார் வரைக்கும் போய்விட்டது. அவர் மட்டும் அதைச் சொல்லும்போது ஒரு கிண்டலைச் சேர்த்துக்கொள்வார். "நம்ம கெட்டி மாப்பிள்ளை."

அந்த மாமனாருக்காகத்தான் இந்த ஷெட்டே. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நகரத்தின் மறுகோடியில் மாடியில் தனியாக இருந்தார். நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் படுத்தார். இனிமேல் மெஷின் இல்லாமல் மூச்சு ஓடாது, படி ஏறக் கூடாது, தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். மகள் வீட்டில் கீழே இருக்கும் ஒரே முன்னறையோ, கல்யாணமான நாளிலிருந்து வேண்டியது வேண்டாதது எல்லாம் சேர்ந்து, கதவைத் திறந்தால் பக்கவாட்டில் நுழைய வேண்டிய கதியில் இருந்தது.

"அந்த ரூமைக் காலி பண்ணணும்," என்றாள் மனைவி.

"பண்ணலாம். சாமானை எங்க போடறது?" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் கெட்டி இன்னொன்றையும் கேட்டான். "எத்தனை நாளைக்கு?"

சாமானை எத்தனை நாள் வெளியில் வைக்க வேண்டியிருக்கும் என்றுதான் கேட்டான். அப்படித்தான் இன்றைக்கும் அவன் நம்புகிறான். ஆனால் அவள் அவனைப் பார்த்த பார்வை வேறு. சலவைக் கம்பெனியில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவள் அவள். சூட்டைக் கையால் தொடாமலே அறிகிறவள். "எங்கப்பா எத்தனை நாளைக்கு இருப்பாருன்னு டாக்டரே சொல்லலை," என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. பேச்சில்லாததால் அது அவர்களுக்கு நடுவிலேயே கிடந்தது.

கொல்லையில், குளியலறைச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் இடையில் ஒரு சந்து சும்மா கிடந்தது. மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் திறப்பு. கெட்டி டேப்பைப் பிடித்து அளந்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அகலம் அப்படியே அவனுடைய லாரியின் பாடி அகலம். நீளத்தையும் லாரிக் கணக்கிலேயே வைத்துச் சாக்பீஸால் கோடு கிழித்தான். அந்த அளவுக்குள் என்ன கொள்ளும், எது எந்த மூலைக்குப் போகும் என்பதை அவன் யோசிக்கவே தேவையில்லை. உடம்புக்கே தெரியும்.

கூரைக்கு இரும்புப் பைப், மேலே தகரம், முன்னால் தகரத்தில் ஒரு கதவு. பக்கத்து வீட்டு டிங்கர் கை கொடுத்தார். இடி வாங்கி நசுங்கின கார்களைத் தட்டி நிமிர்த்துகிறவர். தகரம் அவர் சொன்னபடி கேட்கும். கூரைத் தகரத்துக்கு ஸ்க்ரூ போடும்போது, "போதும் தம்பி, இதுக்கு மேல முறுக்கினா ஸ்க்ரூ அழுதுடும்," என்றார். கெட்டி இன்னும் ஒரு சுற்று முறுக்கினான். டிங்கர் கீழே இறங்கித் தள்ளி நின்று பார்த்தார். "நாலு சக்கரம் மாட்டிட்டா ஓட்டிட்டே போயிடலாம்."

கெட்டிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

சாமான் ஏற்றும் அன்று காலையில்தான் மருத்துவச் சாமான் வாடகைக்கு விடும் கடைக்காரர் வந்தார். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்துத் தரும் மெஷினை முன்னறை ஜன்னலோரம் வைத்தார். இடுப்பளவு உயரச் சிலிண்டர் ஒன்றைப் பீரோவின் பக்கத்தில் நிறுத்தினார். "மெஷின் கரண்ட்ல ஓடறது. கரண்ட் போனா இந்தச் சிலிண்டர்தான். கட்டில் பக்கத்துலயே வச்சுக்கங்க, கை எட்டற மாதிரி," என்று சொல்லிவிட்டு, சிலிண்டரில் மாட்டும் மீட்டரையும் அதைத் திறக்கும் சாவியையும் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். கெட்டி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டான்.

பிறகு வேலையைத் தொடங்கினான். லோடு ஏற்றுவதில் முதல் விதி, கனம் முதலில் போகும். உருளக்கூடிய கனம் என்றால் கதவுக்கு எதிர்க்கோடியில், தலைமாட்டு மூலையில் நிமிர்த்தி வைத்து, கயிறு போட்டு, மெத்தையால் இறுக்கிவிட வேண்டும். காலி செய்ய வேண்டிய அறைக்குள் போனான். கண்ணில் பட்ட முதல் கனம் அந்தச் சிலிண்டர். சாய்த்து உருட்டிக்கொண்டு போய் மூலையில் நிறுத்தினான். கட்டினான். மெத்தையை மடித்துச் செருகினான். அதற்கு முன்னால் தையல் மெஷின், கண்ணாடி அலமாரி, கட்டில் சட்டங்கள், மரப்பெட்டி, பீரோ. கையும் காலும் வேலை செய்துகொண்டிருந்தன, தலை லீவு போட்டிருந்தது. கடைசியாக நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஏற்றிக் கதவைச் சாத்தியபோது, ஒரு தீப்பெட்டி வைக்கக் கூட உள்ளே இடமில்லை.

இப்போது குழாயடியில் நிற்கிறான்.

திறந்து எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் ஒரு பகல் முழுக்க ஏற்றியதை இருட்டுவதற்குள் இறக்க முடியாது. இறக்கினால் திறந்தவெளியில்தான் போட வேண்டும், வானமும் சரியில்லை. அந்த நேரம் பார்த்து மனைவி போனில் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலைல அப்பாவைக் கூட்டிட்டு வரோம். ரூம் ரெடியா?"

"ரெடி."

"எல்லாம் போயிடுச்சா?"

"எல்லாம்," என்றான் கெட்டி.

மறுநாள் மாமனார் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வழிக்காகக் கொடுத்துவிட்ட சின்னச் சிலிண்டர் ஒன்று, தோளில் மாட்டுகிற அளவு, அவர் மடியில் இருந்தது. மெஷினை ஓடவிட்டார்கள். அது ஒரே சீராக உறுமத் தொடங்கியது. அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். "நல்லா இருக்கே. எனக்கு எப்பவும் கண்டக்டர் சீட்தான். இப்பதான் முழு பஸ்ஸும் எனக்கு."

மனைவி சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். சின்னச் சிலிண்டரை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பியவள் கேட்டாள். "பெரிய சிலிண்டர் எங்கங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"ஷெட்டுல."

"ஷெட்டுலயா? பக்கத்துல வைக்கச் சொன்னாங்களே."

"இங்க இடைஞ்சல்னு வச்சேன். கதவைத் திறந்தா எடுத்துடலாம்."

அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை. அவள் முகம் தளர்ந்தது. "நீங்க வச்சா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தலையணையைத் தட்டப் போனாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் அவள் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று முதல் கெட்டியின் காது எப்போதும் அந்த மெஷின் மேலேயே இருந்தது. சாப்பிடும்போது கேட்டான். குளிக்கும்போது தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டான். வேலைக்குப் போன இடத்தில் யார் வீட்டிலாவது விளக்கு மினுக்கினால், "இங்க மட்டுமா, எல்லா ஏரியாலயுமா?" என்று விசாரித்தான். "என்ன கெட்டி, ஈபில சேர்ந்துட்டியா?" என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் துணிந்து ஷெட்டைத் திறந்தான். நாற்காலிகளை எடுத்து வெளியே வைத்தான். பீரோவின் முதுகு சுவர் மாதிரி எதிரே நின்றது. கயிற்றில் கை வைத்தபோது பின்வாசலில் சத்தம் கேட்டது. மாமனார் மகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கிலிருந்து நீளக் குழாய் அறைவரைக்கும் போனது. அதே நேரத்தில் டிங்கரும் தன் பட்டறை ஆட்கள் இரண்டு பேரைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏற்றி நிறுத்தியிருந்தார்.

"பாருங்கடா. ஒரு விரல் நுழைய முடியுமா பாருங்க."

"வேலைன்னா இதுதான்ணே," என்றான் ஒருவன்.

மாமனார் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். "மாப்பிள்ளை, நடுவுல ஆள் போக வழி எங்க?"

"வழி விட்டா ஆடும் மாமா."

"பஸ்ல அப்படி ஏத்தினா கடைசி சீட்டுக்காரன் இறங்கறது எப்படி?"

கெட்டிக்குக் காது மடல் சுட்டது. "சாமான்தானே மாமா. அது எங்க இறங்கப் போகுது."

"அது சரி. உங்க பாசஞ்சர் வாய் திறக்க மாட்டான். என் பாசஞ்சர் நான் விசில் அடிக்கறதுக்குள்ள எங்கம்மா வரைக்கும் இழுத்துத் திட்டிடுவான்." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. மகள் முதுகைத் தடவினாள். கெட்டி அப்போது சொல்லியிருக்கலாம். மாமா, கடைசி சீட்டில்தான் உங்கள் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை. டிங்கரும் ஆட்களும் இருந்தார்கள், நாலு பேர் கை போட்டால் மத்தியானத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் அத்தனை பேரும் அவனுடைய லோடையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நாற்காலிகளை எடுத்து மறுபடியும் உள்ளே செருகினான்.

அன்றிரவு படுத்தபோது அவனையே அவன் குறுக்கு விசாரணை செய்தான். கைதான் வைத்ததா, மனசும் சேர்ந்து வைத்ததா? எத்தனை நாளைக்கு என்று கேட்ட வாய் இதுதானே. சாமானைத்தான் நினைத்துக் கேட்டேன் என்பதற்கு இவனைத் தவிர யார் சாட்சி? தூக்கம் வரவில்லை.

பிறகொரு மாலை விளக்கு மங்கிப் பழுத்தது. மெஷின் ஒருமுறை விக்கி, கீச்சென்று கத்தி, மறுபடி ஓடியது. அறையில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தச் சிலிண்டரை உள்ள கொண்டாந்துடுங்களேன்," என்றாள் மனைவி.

"நாளைக்கு எனக்கு லீவு. காலைல முதல் வேலை அதுதான்."

இந்தத் தடவை உண்மையாகவே சொன்னான். ஆனால் காலையில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு பேர் வரவில்லை, லாரி பாதி ஏற்றி நிற்கிறது, நீ வந்தால்தான் நகரும். போனான். முடித்துவிட்டுத் திரும்பும்போது மத்தியானம் சாய்ந்திருந்தது. தெருமுனையிலேயே காற்று அவனைத் தள்ளியது. வானம் சட்டிக் கரியாகக் கிடந்தது. மொட்டை மாடிகளில் துணி எடுக்க ஆட்கள் ஓடினார்கள். கெட்டியும் ஓடினான்.

கேட்டைத் திறக்கும்போது எங்கோ பக்கத்தில் ஒரு மரம் முறிந்து விழும் சத்தம் கேட்டது. பட்டென்று ஏதோ வெடித்தது. வீட்டுக்குள் மெஷின் நீளமாகக் கத்தி நின்றது.

அத்தனை நாளும் அந்த உறுமலைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த வீடு. அது நின்றதும் மாமனாரின் மூச்சு வெளியே கேட்டது. துருப்பிடித்த பம்பை அடிப்பது போல இருந்தது.

மனைவி அதற்குள் சின்னச் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றியிருந்தாள்.  மீட்டரைப் பார்த்தாள். "சிவப்புக்குப் பக்கத்துல இருக்கு. ஓடுங்க, பெரிசை எடுத்துட்டு வாங்க."

ஓடினான். பூட்டைத் திறந்தான். நாற்காலிகளை இழுத்து இழுத்து மழையில் எறிந்தான். பீரோவின் முதுகு தெரிந்தது. அதைக் கட்டியிருந்த கயிறு தெரிந்தது. அதன் பின்னால் மரப்பெட்டி, கட்டில் சட்டங்கள், அலமாரி, தையல் மெஷின், மெத்தை. கண்ணை மூடினால் வரிசை மாறாமல் தெரிந்தது. தெரிந்து என்ன பயன். பீரோவைத் தனியாக நகர்த்த முடியாத மாதிரி அதை இறுக்கியவனே அவன்தான். தோளைக் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. அவனுடைய லோடு எப்போது அசைந்திருக்கிறது?

பின்வாசலிலிருந்து அவள் குரல். "என்னங்க பண்றீங்க? கதவைத் திறந்தா எடுத்துடலாம்னீங்களே."

திரும்பினான். மழை அவன் முகத்தில் அடித்தது. "பின்னால இருக்கு."

"எதுக்குப் பின்னால?"

"எல்லாத்துக்கும்."

அவள் கத்தவில்லை.  ஷெட்டின் உள்ளே ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள், உள்ளே ஓடிவிட்டாள். ஆம்புலன்சுக்குப் பேசுவது கேட்டது. முகவரியைச் சொன்னாள். மறுபடி சொன்னாள். "மரம் விழுந்திருந்தா சுத்தி வாங்க. எப்படியாவது வாங்க."

நாற்காலிகள் விழுந்த சத்தத்தில் டிங்கர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். தலையில் ஒரு சாக்கு. "என்ன தம்பி, இந்த மழையில வீடு மாத்தறீங்களா?"

"அண்ணே, ஆக்ஸிஜன் சிலிண்டர் உள்ள கடைசில மாட்டிக்கிச்சு. கரண்ட் போயிடுச்சு. மாமாவுக்கு மூச்சு."

டிங்கரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே விழுந்தது. பீரோவைப் பார்த்தார். மேலே பார்த்தார். "எந்த மூலை?"

"குளியலறைப் பக்கம், தலைமாட்டுல."

"அப்ப முன்னால வேலை இல்லை. கூரையில ஏறு."

சுவர் வழியாக இருவரும் ஏறினார்கள். தகரத்தில் மழை முரசு கொட்டியது. கெட்டி ஸ்க்ரூவில் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினான். கை வழுக்கியது. ஸ்க்ரூ அவன் போட்ட இடத்திலேயே இருந்தது.

"டிரில் இருந்தா ஒரே நிமிஷம்," என்றான்.

"டிரில்லுக்கு உன் மாமனாரோட மூச்சுக்குழாயையா சொருகுவே? கரண்ட் இல்லைடா." டிங்கர் இதுவரை அவனை டா போட்டதில்லை. இடுப்பிலிருந்து தகரக் கத்தரியை எடுத்தார். "அவுக்க நேரமில்லை. வெட்டறேன். சொல்லு."

கெட்டி அந்தத் தகரத்தைப் பார்த்தான். "வெட்டுங்க."

உளியால் ஒரு குத்து. ஓட்டை விழுந்தது. கத்தரி நுழைந்து கிறீச்சிட்டுக்கொண்டு போனது. இரண்டு பக்கம் வெட்டித் தகரத்தை மேலே மடக்கினார்கள். வெட்டின விளிம்பு கெட்டியின் உள்ளங்கையைக் கிழித்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. காலை விட்டு இறங்கினான்.

அலமாரியின் உச்சி காலுக்குக் கிடைத்தது. முழுப் பாரத்தையும் அதில் வைத்தான். ஒரு சின்ன அதிர்வு கூட இல்லை. குனிந்து மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் கையை நுழைத்தான். சிலிண்டரின் கழுத்து விரலில் பட்டது. ஜில்லென்றிருந்தது. இழுத்தான். வரவில்லை. மெத்தை அதை அணைத்துப் பிடித்திருந்தது. மெத்தையைத் தையல் மெஷின் பிடித்திருந்தது. தையல் மெஷினை அலமாரி பிடித்திருந்தது. எதுவும் எதையும் விடாதபடி ஏற்பாடு செய்தவன் இப்போது எல்லாவற்றின் மேலும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கத்தி."

கத்தி கைக்கு வந்தது. கயிற்றை அறுத்தான். மெத்தையைக் குத்திக் கிழித்தான். பஞ்சைக் கை கையாக அள்ளிப் பின்னால் எறிந்தான். உள்ளே இருந்து மனைவியின் குரல், மழையைத் தாண்டி, "மீட்டர் ஊசி கீழ போயிடுச்சு." யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. அவனிடம் இல்லை போலிருந்தது. அவளுக்கே சொல்லிக்கொண்டது போலிருந்தது.

கயிற்றின் முனையைச் சிலிண்டர் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். டிங்கர் மேலிருந்து இழுத்தார். பாதி வந்து அலமாரியின் விளிம்பில் இடித்து நின்றது.

"விடாத, இழுக்கறேன்."

"இருங்க."

கெட்டி சுவரில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் அலமாரியின் மேல் வைத்து உதைத்தான். முதல் உதையில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் கண்ணாடி நொறுங்கியது. அடுத்ததில் சட்டம் முறிந்து உள்வாங்கியது. எதையும் உடைக்காமல் கொண்டு சேர்ப்பதுதான் அவன் தொழில். இன்னொரு முறை உதைத்தான். சிலிண்டர் விடுபட்டு மேலே போனது.

குளியலறைச் சுவரோரமாகக் கயிற்றில் இறக்கினார்கள். கெட்டி குதித்து அதைத் தோளில் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினான். டிங்கர் பின்னால் வந்தார்.

மாமனாரின் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. சின்னச் சிலிண்டரின் ஊசி அடியில் படுத்துவிட்டது. மனைவி மீட்டரையும் சாவியையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மாட்டினாள், டிங்கர் முறுக்கினார், கெட்டி சிலிண்டரைக் கட்டிப் பிடித்து அசையாமல் நின்றான். சாவி திரும்பியது. உஸ்ஸென்று ஒரு சத்தம். அவள் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு ஆக்ஸிஜன் முகமூடியைப் பொருத்தி அப்பாவின் தலையை நிமிர்த்தினாள். "இழுங்கப்பா. மெதுவா. என்னைப் பாருங்க. இன்னொண்ணு."

 முகமூடிக்குள் மூச்சு படர்ந்தது, விலகியது, படர்ந்தது. தோள் கொஞ்சம் இறங்கியது. உதட்டில் சாம்பல் கலைந்து, அதன் நிறம் என்று ஒன்று வருவது தெரிந்தது. மாமனாரின் கண் மெல்லச் சுற்றி மகளைக் கண்டுபிடித்தது.

டிங்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் முனையில போய் நிக்கறேன். வண்டி வந்தா வழி காட்டணும்ல." போகும்போது கெட்டியின் தோளில் கை வைத்து எடுத்தார்.

மனைவி அப்பாவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்க்காமல் கேட்டாள். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

பதில் தயாராகவே இருந்தது. இப்பதான், கதவைத் திறந்தப்பதான் தெரிஞ்சது. சொன்னால் அவள் நம்புவாள். கை செய்த பிழை என்று அதோடு போய்விடும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கெட்டி நிமிர்ந்தான். மாமனார் முகமூடிக்கு மேலாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வச்ச அன்னிக்கே," என்றான்.

"அன்னிக்கே."

"அன்னிக்கு சாயங்காலம்."

"அதுக்கப்புறம்தான் என்கிட்ட, கதவைத் திறந்தா எடுத்துடலாம்னு சொன்னீங்க."

"ஆமா."

 அவன் கையிலிருந்து இரத்தம் சிலிண்டரில் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. "நான் வேணும்னு வைக்கலை," என்றான்.

"அதை நான் கேக்கலை."

அவள் எழுந்தாள். ஒரு துண்டை எடுத்து அவன் கையைச் சுற்றிக் கட்டினாள். இறுக்கமாகத்தான் கட்டினாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைக் கட்டிலின் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "இங்க உட்காருங்க. ஊசியைப் பாருங்க. வண்டி வர்ற வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது. இறங்கினா கூப்பிடுங்க."

"நீ எங்க போறே?"

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக மழைக்குள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் கயிறு உருவப்படும் சத்தம். பிறகு பீரோவின் அடிப்பாகம் சிமெண்டில் அரைபடும் சத்தம், விட்டு விட்டு, இன்னும் இன்னும். அது ஒருவர் நகர்த்தும் சாமான் இல்லை. இஸ்திரி போட்டுப் பழகிய தோள் அதைச் செய்கிறது. சட்டங்கள் சரிந்தன. ஏதோ கண்ணாடி கொட்டியது. முதலில் எதை எடுக்க வேண்டும், எதைப் பிடித்துக்கொண்டு எதை விட வேண்டும் என்று எதுவுமே இல்லாமல் அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். கெட்டியின் பாதம் தானாகத் தரையில் ஊன்றி எழப் பார்த்தது. ஊசியைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான்.

மாமனார் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினார். "என்ன சத்தம்?"

"பேசாதீங்க மாமா. அதை எடுக்காதீங்க."

"சொல்லுங்க."

"சாமானை இறக்கறா."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மரப்பெட்டியாக இருக்க வேண்டும், தடாலென்று விழுந்தது. "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்," என்றான் கெட்டி. எட்டி முகமூடியை அவர் மூக்கின் மேல் சரியாக வைத்து, கை எடுக்காமல் பிடித்துக்கொண்டான். கண் ஊசியின் மேலேயே இருந்தது.